டிங்கர் முடித்துக் கொடுத்த பாட்டுகள்

பட்டறையில் எல்லோரும் அவரை டிங்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். மோதி நசுங்கி வருகிற கார்களின் தகரத்தை உள்பக்கமிருந்து தட்டி, வெளிப்பக்கம் தாங்கு கொடுத்து, பழைய உருவத்துக்குக் கொண்டு வருகிற வேலை. காலையில் சுத்தியலை எடுத்தால் சாயங்காலம் வரை டங் டங் என்று அதே சத்தம்தான். பக்கத்தில் கிரைண்டர் வேறு உயிர் போகிற மாதிரி கத்தும். காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதை வைத்தால் தகரம் எங்கே நிமிர்ந்தது, எங்கே நிமிரவில்லை என்று சத்தத்தில் தெரியாது என்பது டிங்கரின் கட்சி. அதனால் அது அவர் சட்டைப் பையிலேயே கிடந்து, சட்டையோடு சேர்ந்து துவைபட்டதுதான் மிச்சம்.

அவர் மனைவி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். நாள் முழுக்க நின்றபடி வேலை. வாடிக்கையாளர் பை திறக்கத் தடுமாறுகிற நேரத்தில் ஒரு வரி, பர்ஸைத் தேடுகிற நேரத்தில் இன்னொரு வரி என்று அவள் மனசுக்குள் பாட்டுக் கட்டுவாள். பெரிய காதல், பெரிய சோகம் எல்லாம் கிடையாது. கால் வலி, பஸ், மழையில் நனைந்த துணி, இதுதான் அவள் பாட்டு. 'உட்கார இடம் கிடைத்தால் ஊரையே சுற்றி வருவேன்' என்று ஒரு பாட்டு ஆரம்பிக்கும். அதைக் கேட்ட எவரும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் இன்னொரு தடவை போடச் சொல்வார்கள்.

மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும் அவன் அறை காலியானது. டிங்கர் பழைய மெத்தை ஒன்றைச் சுவரில் சாய்த்து, ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, ஒரு மைக்கையும் ஓரளவு ஓடுகிற கம்ப்யூட்டரையும் வைத்து, அதை ரெக்கார்டிங் ரூம் என்று அறிவித்துவிட்டார். உள்ளே போனால் ஃபேனை நிறுத்த வேண்டும். ஒரு பாட்டு முடிவதற்குள் இரண்டு பேரும் வேர்த்து விறுவிறுத்துப் போவார்கள். இரண்டாவது சரணத்தில் மாடி வீட்டுக்காரர் கழிவறையில் தண்ணீர் இழுத்து விடுவார். "அவருக்கும் நம்ம பாட்டு பிடிச்சிருக்கு போல, சரியா தாளத்துல விடுறாரு" என்பாள் மனைவி. டிங்கர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி பதிவு செய்வார்.

உண்மையைச் சொன்னால், அந்த அறைதான் அவர்கள் வீடு. மற்ற இடமெல்லாம் சாப்பிடவும் படுக்கவும் மட்டுந்தான். அவள் பாடுவாள், அவர் கேட்பார். பதிந்ததை வெட்டி ஒட்டி, ஏற்றி இறக்கி, கடைசியில் மாஸ்டரிங் என்கிற வேலையையும் செய்து முடிப்பார். பட்டி பூசி பெயின்ட் அடித்த காருக்குக் கடைசியாக பாலிஷ் போடுகிற மாதிரி அது. எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் பாட்டு கண்ணியமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். பட்டறையில் ஆயிரம் பேர் அவரை வேலை ஏவலாம், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் முடித்த பாட்டை மனைவி தன் போனுக்கு மாற்றிக்கொண்டு சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்புவாள். அனுப்புகிற பொறுப்பு எப்போதும் அவளுடையது. "அண்ணி குரலுக்கு அண்ணன் கை வச்சா தனிதான்" என்று பதில் வரும்போது டிங்கர் அதைக் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அன்றைக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாகச் சாப்பிடுவார்.

ஒருமுறை சகலை வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் டி.வி.யோடு இணைத்த ஸ்பீக்கரில் இவர்கள் பாட்டைப் போட்டார். டிங்கருக்கு முகம் சுருங்கிவிட்டது. பாட்டின் மேல் போர்வையைப் போட்டு மூடியது போல் இருந்தது. "உங்க ஸ்பீக்கர் சரியில்ல, சகல" என்று சொல்லி, சகலை வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, ஸ்குரூ டிரைவர் கேட்டு வாங்கி அதைப் பிரித்துத் தூசி தட்டி மாட்டினார். "இப்ப பரவாயில்ல பாருங்க" என்றார். சகலையும் பரவாயில்லை என்றார். மனைவி அன்றைக்கு சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் வானொலி வந்து சேர்ந்தது. வீட்டிலேயே பாடிப் பதிகிறவர்களின் பாட்டுகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒலிபரப்பும் ஒரு சின்ன நிலையம். மனைவி யாரிடமும் பெரிதாகச் சொல்லாமல் உட்கார இடம் கேட்கிற அந்தப் பஸ் பாட்டை மாதிரிக்கு அனுப்பி வைத்திருந்தாள். அவர்களுக்குப் பிடித்துப் போனது. போனில் வந்தது தரம் கொஞ்சம் குறைந்த பிரதி, ஒலிபரப்புக்கு முழுத்தரத்தில் ஒன்று வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்றார்கள்.

டிங்கருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் பார்த்து கடையில் ஒருத்தி காய்ச்சலில் படுத்துவிட, மனைவிக்கு இரண்டு ஷிஃப்ட் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தபடி, "நான் அனுப்பிக்கறேங்க, நீங்க அவசரப்படாதீங்க" என்றாள்.

"நீ ரெஸ்ட் எடு. இது ஒரு வேலையா? நானே அனுப்பறேன்."

"வேணாங்க. எனக்கு லீவு நாள் வரட்டும்."

"எனக்கு அனுப்பத் தெரியாதுன்னு நெனச்சியா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு அசதி.

மறுநாள் பட்டறையில் பெயின்டர்தான் ஏ.ஐ. பேச்சை எடுத்தான். பெயின்டர் டிங்கரை விட வயதில் சின்னவன், வாய் மட்டும் பெரியது. "இப்ப மாஸ்டரிங் எல்லாம் அதுவே பண்ணிருதுண்ணே. பாட்ட ஏத்திவிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தா ரெடியா இருக்கும். எங்க மச்சான் கீபோர்டு வாசிச்சு இதுலதான் போடறான்."

"காதே இல்லாதது எனக்குப் பாட்டு சொல்லித் தருதா?" என்று டிங்கர் சிரித்தார். ஆனாலும் வானொலி ஆயிற்றே, சும்மா ஒரு பார்வை பார்ப்போம் என்று வீட்டுக்கு வந்து பாட்டை ஏற்றினார். அது கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. பிறகு தன் பாலிஷைப் போட்டு நீட்டியது. கூடவே ஒரு குறிப்பு: கீச்சென்ற மேல் சத்தம் அளவுக்கு மீறி இருக்கிறது, ச, ஷ வருகிற இடங்கள் காதை உறுத்தும், குறைத்திருக்கிறேன்.

டிங்கர் போட்டுக் கேட்டார். சகலை வீட்டில் கேட்ட அதே போர்வை. அவருக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷம் தான் கண்ணும் கருத்துமாக ஏற்றி வைத்த பளபளப்பையெல்லாம் ஒரு மெஷின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டதே! திரையில் 'பளிச்' என்று ஒரு பட்டை இருந்தது. அதைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். போதாமல், வெளியே வந்ததை எடுத்து மறுபடி உள்ளே ஏற்றி இன்னொரு தடவை இழுத்தார். இப்போதுதான் அவள் குரல் எதிரே நின்று பாடுகிற மாதிரி அவருக்கு இருந்தது. கண்கூட லேசாகக் கலங்கியது. அதையே நிலையத்துக்கு அனுப்பிவிட்டார்.

நிலையத்திலிருந்து போன் வந்தபோது அவர் ஒரு கார் கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கொண்டிருந்தார். வெளியே ஓடி வந்து காதில் வைத்தார். ஒரு பெண் பேசினாள். பேசுகிறாள் என்று தெரிந்தது, என்ன பேசுகிறாள் என்பது குழறலாகத்தான் விழுந்தது. பெண்கள் போனில் பேசினால் இப்போதெல்லாம் அப்படித்தான், லைன் சரியில்லை என்று சொல்லிக்கொள்வார். "லைன் சரியில்லம்மா, இருங்க" என்று போனைப் பெயின்டரிடம் கொடுத்தார்.

பெயின்டர் கேட்டான். கேட்கக் கேட்க அவன் வாய் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. முன்னாடி அக்கா அனுப்புன மாதிரியே அனுப்பச் சொல்றாங்க. அது ரொம்ப நல்லா இருந்துச்சாம். இது..."

"இது?"

"காதுல ஊசி ஏத்தற மாதிரி இருக்காம். ஹெட்போன் போட்டுக் கேட்டவங்க கழட்டி வச்சுட்டாங்களாம். மெஷின் ஏதோ கோளாறு பண்ணியிருக்கும்ண்ணே."

"முன்னாடி அனுப்பினதும் நான் பண்ணதுதானே?"

பெயின்டருக்கு என்ன தெரியும், பாவம். "ஆமாண்ணே" என்றான்.

அன்றைக்கு டிங்கர் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு முன்னாலேயே கிளம்பினார். நிலையத்துக்கு அனுப்பியதையே அவள் சகலைக்கும் அனுப்பியிருந்தாள், அதை அவரிடமிருந்து வாங்கி, கம்ப்யூட்டரில் இறக்கி, தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். ஒலியைப் படமாகக் காட்டுகிற வசதி அதில் உண்டு. கேட்டால் எது சரி என்று அவருக்குத் தெரியவில்லை. பார்த்தால் தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தகரத்தைக் கண்ணால் அளந்தவர். தன் பாட்டில் மேல் சத்தம் தெரிகிற மேல்பாதி முழுக்கக் கொழுந்துவிட்டு எரிந்தது. அவளுடையதில் அந்த இடம் அடங்கி, ஒழுங்காக இருந்தது. யாரோ தட்டி நிமிர்த்தியிருந்தார்கள். பழைய பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே கை.

மனைவி வந்து, வெந்நீரில் காலை வைத்து உட்காரும் வரை பொறுத்திருந்தார். பிறகு கேட்டார். "நீ பாட்ட என்ன பண்ணி அனுப்புவ?"

அவள் தண்ணீரையே பார்த்தாள். மறைக்க முயலவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

"ஏ.ஐ.ல போடுவேங்க. கடையில ஸ்டோர் ரூம்ல உக்காந்து, சாப்பாட்டு நேரத்துல. மொதல்ல சரியா வரல. தாலாட்டுப் பாட்ட ஏத்தினா அது டான்ஸ் பாட்டுன்னு நெனச்சு தம் தம்னு அடிச்சிருச்சு. அப்புறம் பழகிருச்சு. 'மென்மை'ன்னு ஒண்ணு இருக்கு, அதுல போட்டா நீங்க ஏத்தினத எறக்கிரும்."

"எப்பலேர்ந்து?"

"மொத மொத தங்கச்சி வீட்டுல நம்ம பாட்டு போட்டப்ப அவ குழந்தை காதப் பொத்திட்டு அழுதுச்சே, அப்பலேர்ந்து."

"ஊரெல்லாம் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கீங்க."

"ஊருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே! ச வர்ற எடம் கொஞ்சம் கூர்மையா இருக்குன்னு ஒரு தடவை சொன்னேன். நீங்க என்ன பண்ணீங்க? அந்த ரூம் பக்கமே போகல. மைக்கு மேல துண்ட போட்டு மூடிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்த்த முடியாத அளவுக்குக் களைத்திருந்தாள். "வாஷிங் மெஷின் முடிஞ்சு கத்தினா உங்களுக்குக் கேக்கறதில்ல. கதவுக்குப் பக்கத்துல நிக்கறீங்க, காலிங் பெல் கேக்கறதில்ல. எனக்குத் தெரியாதா? டாக்டர்கிட்ட போலாம்னா சண்ட. சரி, ரூமாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன். அதுவும் இல்லேன்னா நமக்குள்ள பேசறதுக்கு என்னங்க இருக்கு? பால் தீந்துருச்சு, கேஸ் தீந்துருச்சு. அவ்வளவுதான்."

 தனக்குக் கேட்கவில்லை என்பது டிங்கருக்கு மட்டும் தெரியாத ரகசியமா என்ன? எல்லாருடைய ஸ்பீக்கரும் கெட்டுப்போய், எல்லா போன் லைனும் பழுதாகி, அவர் காது மட்டும் நன்றாக இருக்குமா? கொஞ்ச நாளாகவே உள்ளுக்குள் தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொண்டால் அந்த நாற்காலியில் உட்கார என்ன தகுதி என்று கேள்வி வரும். அதற்குத்தான் பயம். எழுந்து போய் மைக்கின் மேல் துண்டைப் போட்டார். அவள் அதைப் பார்த்தாள். காலைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டாள்.

அடுத்து வந்த நாளில் இருவரும் பேசிக்கொண்டது பால் தீர்ந்ததைப் பற்றி மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி வீட்டுக்குள் நுழைந்தபோது அந்த அறையில் விளக்கு எரிந்தது. டிங்கர் நாற்காலியில் இல்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலி காலியாக இருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க வந்து உக்காரு" என்றார்.

"டிரெஸ் மாத்திட்டு வரேன்."

"இப்படியே வா. அப்புறம் நீ படுத்துருவ."

அது உண்மைதான். கடை யூனிஃபார்மோடு வந்து உட்கார்ந்தாள். திரையில் பஸ் பாட்டு திறந்திருந்தது, ஏ.ஐ.யில் போடுவதற்கு முன்னால் அவர் மேல் சத்தத்தை ஏற்றி வைத்த பதிவு.

"நீ அதுல போடறது, நான் கெடுத்தத மேலோட மழுப்பறது மாதிரி. அடியிலயே சரி பண்ணிட்டு அப்புறம் போட்டா இன்னும் நல்லா வரும். பள்ளத்த தட்டாம மேல பட்டி பூசக் கூடாது." அவர் அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்துப் பேசினார். "நான் எறக்கறேன். எங்க நிறுத்தணும்னு நீ சொல்லு."

அவர் இறக்கினார். "இன்னும்" என்றாள். இறக்கினார். "இன்னும் கொஞ்சம்." அவருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. அவர் விரலுக்குக் கீழே பாட்டு மாறிக்கொண்டிருந்தது, அவர் காதில் மட்டும் அது அப்படியே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினார். "போதும், போதும். கொஞ்சம் ஏத்துங்க. ஆங், அங்கயே."

பிறகு அவள் போனில் அந்த ஏ.ஐ.யைத் திறந்து, சரி செய்ததை ஏற்றினாள். அது வட்டம் சுற்றுகிற நேரத்தில் அவள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். டிங்கர் எழுப்பவில்லை. இரண்டு விதமாகச் செய்து கொடுத்து, எது பிடித்திருக்கிறது என்று அது கேட்டது. அவர் இரண்டையும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார், ஒரு நப்பாசைதான். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம்தான் அவளைத் தோளில் தட்டி எழுப்பினார்.

"ரெண்டு இருக்கு. நீ சொல்லு."

அவள் இரண்டையும் போட்டுக் கேட்டாள். "ரெண்டாவது. உங்களுக்கு?"

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். சொல்லிவிட்டு உதட்டை அழுத்திக்கொண்டார். அவள் இரண்டாவதை அனுப்பினாள். சாப்பாடு சூடு பண்ணத் தோன்றாமல் இருவரும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியில் யார் யாரோ பாடினார்கள். கடைசியில் இவர்கள் பாட்டு. சகலை வீட்டில், பட்டறைக்காரர்கள் வீட்டில், கடைக்காரப் பெண்கள் வீட்டில் எல்லாம் அந்நேரம் அதைத்தான் வைத்திருப்பார்கள். அறிவிப்பாளர் என்னவோ சொன்னார். டிங்கருக்கு அதில் பாதி பிடிபடவில்லை. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் அவர் தலையை ஆட்டிவிடுவார். இன்றைக்கு மனைவி பக்கம் திரும்பி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

"'பாடினது மனைவி, ஒலி கணவன் மனைவி ரெண்டு பேரும்'னு சொன்னாங்க."

"நீ அப்படியா சொல்லி அனுப்பின?"

"ஆமா. மெஷினையும் சேர்க்கச் சொல்லலாமான்னு பாத்தேன். அப்புறம் அது பங்கு கேட்டா?"

பாட்டு ஆரம்பித்தது. டிங்கர் ரேடியோவின் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். அவள் குரலின் அடி அவருக்கு நன்றாகவே கேட்டது. அந்தக் கனம், அந்த இழுப்பு எல்லாம் இருந்தது. மேலே என்ன இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. எத்தனை காலமாகத் தெரியவில்லை என்பதும் தெரியவில்லை. 

"எப்படி இருக்கு?" என்றார். "எனக்குப் பாதிதான் கேக்குது. நீ சொல்லு."

"என் பாட்ட நானே சொல்றதா?"

"சொல்லு."

அவள் அவருடைய நல்ல காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். எது நல்ல காது என்று அவளுக்குத்தான் தெரியும். சொல்ல ஆரம்பித்தாள். இதோ இங்கே மூச்சு வாங்குகிறேன், அது அழகாக விழுந்திருக்கிறது. இந்த இடத்தில் ச கண்ணாடி மாதிரி இல்லை, பஞ்சு மாதிரி இருக்கிறது. இப்போது பின்னால் லேசாக ஏதோ கிணுகிணு என்கிறது, என் வளையலாக இருக்கும், விட்டுவிட்டோம், பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்றார். அவளும் விடாமல் சொன்னாள். முதல் சரணம் போனது, இரண்டாவது போனது, பல்லவி திரும்ப வந்து முடிந்தும் போனது. அந்தப் பாட்டு ஒரே ஒரு தடவைதான் வானொலியில் வந்தது. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள், பாடியவளையும் முடித்துக் கொடுத்தவரையும் தவிர.